மணமில்லாத அறை

பள்ளிக்கூடத்திலிருந்து எந்தப் பேப்பர் வந்தாலும் 'ஓம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைப்பது என் கணவரின் கொள்கை. வாசிப்பதில்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் அலுவலகத்தில், வரிசையில் நின்று நின்று, முத்திரை குத்திய எதற்கும் மாட்டேன் என்று சொன்னால் எங்கேயோ ஒரு கதவு மூடிவிடும் என்ற பயம் அவருக்குள் ஊறிவிட்டது. இப்படித்தான் ஒருமுறை மகளை இத்தாலியப் பாட்டுக் கோஷ்டியில் சேர்த்துவிட்டார். இப்படித்தான் எங்கள் வீட்டுக் காற்றை அளப்பதற்கும் சம்மதம் கொடுத்தார்.

விஷயம் என்னவென்றால், மகளின் பள்ளிக்கூடத்தில் நிலமட்டத்து வகுப்பறைகளில் ரேடன் அளந்துகொண்டிருந்தார்கள். மண்ணிலும் பாறையிலும் இருந்து கசிந்து மேலே வரும் கதிரியக்க வாயு அது. நிறமில்லை, மணமில்லை. வருடக்கணக்காக மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் புற்றுநோய் வரக்கூடும். பள்ளிக்கூடமோ வேலைத்தலமோ நிலத்துக்குக் கீழே, அல்லது சில பகுதிகளில் நிலத்தோடு ஒட்டி இருந்தால், அளந்தே ஆகவேண்டும் என்று நாட்டுச் சட்டம் இருக்கிறது. வீடுகளுக்குக் கட்டாயமில்லை. ஆனால் நிலமட்டத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் விரும்பினால் இலவசமாக அளந்து தருகிறோம் என்று பிராந்திய அலுவலகம் ஒன்று பள்ளிக்கூடம் வழியாகக் கேட்டிருந்தது. என் கணவர் விரும்பிவிட்டார்.

"உங்களுக்கென்ன விசரே? அலுவலகத்தாலை ஆள் வீட்டுக்குள்ளை வரப்போகுது" என்று கத்தினேன்.

"வரட்டுமன். நாங்கள் என்ன களவெடுத்தா வைச்சிருக்கிறம்?" என்றார் அவர்.

அவருக்கு விளங்கவில்லை. எனக்கு ரேடனில் பயமில்லை, அலுவலகத்தில்கூட அவ்வளவு பயமில்லை. வருகிற ஆள் வாசலில் கால் வைத்ததும் மூக்கைச் சுளிப்பாரே, அதுதான் பயம்.

இதை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் ஒரு பஸ் பயணத்தைச் சொல்ல வேண்டும். மகள் பள்ளிக்கூடம் தொடங்கவிருந்த காலம். பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் பஸ் ஏறி, நான் துப்பரவு வேலை செய்யும் சின்யோரா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் முதலில் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். பிறகு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. என்னுடைய குளிர்கோட்டில் முதல் நாள் கருவாட்டுக் குழம்பு அப்படியே குடியிருந்தது. எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தன. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்து போனேன். நடக்கும்போது சின்யோராவை நினைக்கவில்லை, மகளைத்தான் நினைத்தேன். இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தானே அவளுடைய சின்னக் கோட்டும் தொங்குகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி வேறு கதிரைக்குப் போனால் அவள் எங்கே இறங்கி நடப்பாள்? ஒருவரும் அவளை ஒரு சொல் சொல்வதற்கு முன் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் வீடு தெருவோடு ஒட்டியது. முன்னறையிலேயே குசினி, கதவைத் திறந்தால் ஸ்கூட்டர்கள் காலில் ஏறுவதுபோலப் போகும். பின்னால் ஓர் அறை. அதற்கு யன்னல் இல்லை, பின்சுவரில் முற்றத்தைப் பார்த்தபடி வட்டமாக ஒரு காற்றுத்துளை மட்டும். முன்னொரு காலத்தில் யாரோ சாமான் அடுக்கி வைத்த இடமாக இருந்திருக்கும். அதை மகளுக்குக் கொடுத்து, மணம் புகாத அறையாக மாற்றினேன். கதவைச் சுற்றிப் பஞ்சுப்பட்டி ஒட்டினேன். அடியில் றப்பர் அடித்தேன். நாங்கள் சமைக்கும் மணம் முற்றத்துக்குப் போய்த் துளை வழியாகத் திரும்பி வருகிறது என்று கண்டுபிடித்து, அதற்குள் பழைய துவாயைத் திணித்து, பொலித்தீன் வைத்து, மண்ணிற ரேப்பால் ஒட்டி, அதன் மேல் முருகன் கலண்டரைத் தொங்கவிட்டேன். உடுப்பு, கோட், புத்தகப் பை, கட்டில் எல்லாம் உள்ளே. சட்டியில் எண்ணெய் வைக்க முதல் அந்தக் கதவு சாத்தப்பட வேண்டும், அடுப்பு ஆறும்வரை திறக்கக்கூடாது. பிள்ளை உள்ளேயிருந்து வீட்டுப்பாடம் செய்வாள். என் கணவர் அதை ஆஸ்பத்திரி என்று பகிடி பண்ணுவார்.

எனக்கோ பெருமை. வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கூடும் பெண்கள், உங்கள் பிள்ளையின் கோட்டில் மட்டும் ஒரு மணமும் இல்லையே, என்ன மாயம் என்று கேட்பார்கள். நான் ரகசியம் சொல்வதுபோலச் சொல்வேன். மன்னார்ப் பக்கத்துச் சிநேகிதி ஒருத்தி, கபோ சந்தைக்குப் பின்னால் எங்களைப்போலவே நிலமட்டத்தில் இருப்பவள், வீட்டுக்கே வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போய்த் தன் சின்ன மகனின் அறையையும் அதேபோல அடைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அலுவலகப் பெண் வருவதற்கு முதல் சில நாட்கள் வீட்டில் பொரியல் இல்லை, தாளிதம் இல்லை. தோடம்பழத் தோலை அவித்து அவித்து வீடு முழுக்க ஆவி பிடிக்க வைத்தேன். வந்தவள் இளம்பெண். மெலிந்தவள், தோளில் ஒரு பெரிய பை. அதற்குள்ளிருந்து போத்தல் மூடியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பிகளை எடுத்தாள். வயர் இல்லை, விளக்கு இல்லை. ஒன்றைக் குசினித் தட்டில் வைத்தாள், ஒன்றை மகளின் அறையில் தொங்கவிட்டாள். தொடக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. வழமையாக எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள், அப்போதுதான் அளவு சரியாக வரும் என்றாள். எனக்கு வருகிற இத்தாலி துடைப்பம், சவர்க்காரம், இஸ்திரிப் பெட்டி இத்தாலி. மிச்சத்தை மகள் தமிழில் சொன்னாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. போகும் நேரத்தில் அந்தப் பெண் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள். முருகனை மெல்ல ஒரு பக்கம் நகர்த்தினாள். மண்ணிற ரேப் தெரிந்தது. கதவுப் பஞ்சையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள்.

"குளிருக்கெண்டு சொல்லு" என்றேன் மகளிடம்.

மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு இத்தாலியில், குளிருக்காக, என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அவள் போன பிறகு மகள் சொன்னதை எல்லாம் அசைபோட்டேன். மணமில்லாத வாயு. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் மணக்காத சாமான் ஒன்றும் இருக்கிறதே என்று கணவரிடம் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

டப்பிகள் மாதக்கணக்கில் இருந்தன. இடையில் ஒருமுறை வந்து பழையவற்றை எடுத்துப் புதியவற்றை வைத்துவிட்டுப் போனாள். குளிர்காலமும் வெயில்காலமும் சேர்த்துப் பார்த்தால்தான் வருடத்தின் சராசரி தெரியுமாம். நாங்கள் அவற்றை மறந்தே போனோம். கபோவில் நல்ல சாளை மீன் வந்த நாட்களில் பொரித்தேன், கறித்தூள் வறுத்தேன், கதவைச் சாத்தினேன். அவள் சொன்னபடியே, வழமைபோல இருந்தோம்.

முடிவு சொல்ல அவள் நேரிலேயே வந்தாள். பக்கத்துத் தெருவில் நிற்கிறேன், வரலாமா என்று ஃபோனில் கேட்டாள். மகள் என்னைக் கேட்காமலே வரச் சொல்லிவிட்டாள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தோடம்பழத் தோலுக்கு நேரமில்லை. சட்டியை மூடி, அதன் மேல் இன்னொரு சட்டியைக் கவிழ்த்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

குசினியில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். அரசாங்கம் வைத்திருக்கும் எல்லைக்கு நன்றாகக் கீழே. பின்னறைதான் எல்லையைத் தாண்டியிருக்கிறது. கொஞ்சம் அல்ல, நன்றாகவே.

"டப்பி ரெண்டும் மாறிப் போச்சுது எண்டு சொல்லு. அந்த அறைதான் சுத்தமான அறை" என்றேன்.

மகள் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாக, டப்பியில் எழுதியிருந்ததைக் காட்டினாள். மாறவில்லை. பிறகு நிலத்தில் குந்தி, கட்டிலுக்கு அடியில் ஓடுகள் வெடித்திருந்த இடங்களை விரலால் தொட்டுக் காட்டினாள். இதற்குள்ளால்தான் வருகிறது. முன்னறையில் தெருக்கதவு திறந்து மூடுவதால் நிற்காமல் போய்விடுகிறது. இங்கே வந்தால் போக வழியில்லை, சேர்ந்துகொண்டே இருக்கிறது. அடைக்க வேண்டியது நிலத்தை, நீங்கள் அடைத்து வைத்திருப்பது கதவையும் சுவரையும் என்றாள். மகள் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. ஆறு வயதில் அவளை அந்த அறைக்குள் படுக்க வைத்தவள் நான். வெளியே மீன் பொரியும்போதெல்லாம் உள்ளே விட்டுச் சாத்தியவள் நான்.

அந்தப் பெண் விடவில்லை. குற்றம் பிடிப்பதற்காகக் கேட்டாள் என்று சொல்லமாட்டேன், வழி கண்டுபிடிப்பதற்காகத்தான் கேட்டாள். அறையில் உண்மையிலேயே அவ்வளவு குளிரா, ஹீற்றர் ஏதும் வைக்க முடியாதா என்றாள்.

நான் வாயைத் திறக்க முதல் மகள் பதில் சொன்னாள். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. குளிருக்காக இல்லை என்றாள், 'புட்ஸா' என்று ஒரு சொல் சொன்னாள். நாற்றம். அந்தச் சொல்லை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. குப்பைவாளியைக் காட்டி, கழிவறையைக் காட்டி, சின்யோராமார் எனக்கு முதல் முதலில் பழக்கிய சொற்களில் அதுவும் ஒன்று. எங்கள் சமையல் நாறும், அதற்காக அம்மா அடைத்தார், இல்லாவிட்டால் நானும் நாறுவேன் என்று பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் சிவந்துபோனாள். பாவம், நல்ல மனது. நான் உள்ளே வந்ததிலிருந்து வாசனை வருகிறது, பசியே வந்துவிட்டது, என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூடிக்கு மேல் சட்டி கவிழ்த்தும் வாசலிலேயே மணத்திருக்கிறதே என்றுதான் என் புத்தி அந்த நேரத்திலும் ஓடியது. பிள்ளையின் நுரையீரலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் குழம்பு மணத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறேன். இதைவிட ஒரு கீழ்த்தரமான நிமிடம் என் வாழ்க்கையில் இல்லை.

அன்று பின்னேரமே கணவர் பஞ்சுப்பட்டி எல்லாவற்றையும் உரித்தார். முருகனைக் கழற்றினார். துவாயை இழுத்தபோது அது கல்லுப்போல இறுகிப்போயிருந்தது. வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணினோம். ரேடனா, பலெர்மோவிலா, எங்களுக்குக் கடற்காற்று இருக்கிறது என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரரை உடனே திருத்து என்று கட்டாயப்படுத்த அந்தப் பெண்ணின் அலுவலகத்தாலும் முடியவில்லை. கணவர் தானே வெடிப்புகளைப் பூசினார். துளைக்குள் ஒரு சின்ன விசிறியைப் பொருத்தினார். மீண்டும் அளந்து பார்ப்போம், அதுவரை கதவை எந்த நேரமும் திறந்து வைத்திருங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

மன்னார்ச் சிநேகிதிக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் எவ்வளவு நேரம் சுற்றினேனோ தெரியாது. சொன்னேன்.

"மெய்யே அக்கா? அவன் அதுக்குள்ளைதான் படுத்திருக்கிறான். நான் போய்த் திறக்கிறன்" என்றாள், வைத்துவிட்டாள். ஒரு பேச்சுப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவள் வீட்டையும் அளக்கச் சொல்லி அந்த அலுவலகத்தைக் கேட்டிருக்கிறோம்.

எல்லாம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். சில நாட்கள் கழித்து வேலையால் வந்து, அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், இறுக்கமாக இருந்தது. அடியில் ஈரத் துவாய் ஒன்றைச் சுருட்டி உள்ளிருந்து அடைத்திருந்தாள். விசிறியையும் நிறுத்தி, அதற்குள் பள்ளிக்கூட ஸ்வெட்டரைத் திணித்திருந்தாள்.

"பிள்ளை, உனக்கு என்ன பிடிச்சிருக்கு? அவ சொன்னது விளங்கேல்லையே? அது நுரையீரலைத் தின்னுற சாமான்" என்று கத்தினேன்.

"எப்ப தின்னும்? நான் கிழவியாகினாப் பிறகு. எனக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கு" என்றாள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் கட்டிலில் இருந்தேன். சத்தம் போட்டால் சரிவராது என்று தெரிந்தது. ஸ்கூலில் யார் உன்னைச் சொன்னது, பேரைச் சொல்லு, நான் வந்து ரீச்சரோடு கதைக்கிறேன் என்றேன். எந்தப் பிள்ளை எழும்பி வேறு கதிரைக்குப் போனது, அதையாவது சொல்லு என்று கெஞ்சினேன். அவளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே முதலில் விளங்கவில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள்.

"பயப்பிடாமல் சொல்லு."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. நீங்கள்தானே. ஒவ்வொரு நாளும் காலமை வாசல்லை நிக்கவைச்சு நீங்கள்தானே என்னை மணந்து பாக்கிறனீங்கள்."

அது உண்மை. பிள்ளையைக் கொஞ்சுவதென்றால் நாங்கள் மூக்கால்தானே கொஞ்சுவோம், நானும் அதைக் கொஞ்சல் என்றே நினைத்து வந்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்கூட அதைப் பார்த்துவிட்டு எவ்வளவு அன்பு என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் கொஞ்சுகிறவள் முதலில் கொலரையும் பிறகு தலைமயிரையும் பிறகு இரண்டு கைச்சட்டையையும் ஒழுங்காகப் பார்ப்பாளா? போய் மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவாளா? அனுப்பியிருக்கிறேன், பல தடவை. பஸ்ஸில் அந்தப் பெண் எனக்கு ஒருமுறை செய்ததை நான் என் பிள்ளைக்கு நாள் தவறாமல் செய்திருக்கிறேன். என்ன சொல்லியும் அதைத் திருப்பி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. மன்னித்துக்கொள் பிள்ளை என்று கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள். அவள் உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் நினைத்தாள், அதுதான் என்னை வெட்டியது.

அடுத்த நாள் காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழமைபோலக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வா என்றேன்.

"பாக்கேல்லையே?"

"தேவையில்லை பிள்ளை."

என் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு போனாள்.

பின்னறைக் கதவைக் கணவர் கீலோடு கழற்றி முற்றத்தில் சாத்தி வைத்துவிட்டார். விசிறி ஓடுகிறது, புது டப்பி தொங்குகிறது, இனி அந்த அறையை ஒருவரும் அடைக்க முடியாது. இந்த முறை அளவு குறைந்துதான் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் காலையில் குசினியில் நிற்கிறேன், வாசலுக்குப் போவதில்லை. அவள் தெருக்கதவடியில் நின்று கொலரை இழுத்து மூக்கில் வைத்துப் பார்க்கிறாள். பிறகு தலைமயிர், பிறகு ஒரு கைச்சட்டை, பிறகு மற்றது. நான் பார்த்த அதே ஒழுங்கில். அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்கிறாள்.